குணரத்தினத்தின் பெயரில்

அருமைராசா மோர்மன்காரரானது குளிரால்தான் என்று மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழரிடையே ஒரு கதை உண்டு. அதில் பாதி உண்மை.

1987ஆம் ஆண்டு தை மாதம். பின்னாளில் அக்காடி மெட்ரோ வந்த இடத்துக்குக் கிட்ட ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அவரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். நாலு பேருடைய அகதி விண்ணப்பமும் விசாரணையில் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. துவாரத்தால் பார்த்த ஒருவர், "ரை கட்டின வெள்ளைக்காரர் ரெண்டு பேர், நெஞ்சிலை பெயர் குத்திக்கொண்டு நிக்கினம்" என்றார். குடிவரவு அதிகாரிகள் என்று எண்ணி மூவரும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பின்படியால் இறங்கிவிட்டார்கள். அருமைராசா அடுப்பில் சோறு வைத்திருந்தார். அதை விட்டு ஓட அவருக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்தார்.

இருபது வயதைத் தாண்டாத இரண்டு பேர், மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் ஊழியக்காரர். காது மடல்கள் சிவந்து, கண்ணிமையில் பனி. உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தாங்கள் தேநீர் குடிப்பதில்லை என்றார்கள். அவருக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. வெறும் சுடுதண்ணீர் தந்தால் போதும் என்று கேட்டார்கள். அதை அவர்கள் ஊதி ஊதிக் குடித்ததைப் பார்த்தபோது ரோசம் போய்ச் சிரிப்பு வந்தது.

அடுத்த கிழமையும் வந்தார்கள். ஒரு உடன்பாடு ஏற்பட்டது: அரை மணித்தியாலம் அவர்கள் அவருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பார்கள், அரை மணித்தியாலம் அவர்களுடைய சமயத்தை அவர் கேட்பார். அமெரிக்காவில் ஒரு தீர்க்கதரிசி தோன்றியதும், மண்ணுக்குள்ளிருந்து பொன்னேடுகள் எடுத்ததும் அவரை அவ்வளவாக அசைக்கவில்லை. ஊரில் அதைவிடப் பெரிய அற்புதங்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவர் அவர். ஒருநாள் அவரே ஒரு கேள்வி கேட்டார். பன்னிரண்டு வயதில் அவர் பறிகொடுத்த தகப்பன் இந்தச் சமயத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல் செத்தவர். அவருக்கு இவர்கள் கணக்கில் என்ன கதி? நரகம் என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்.

"இல்லை. அவர் காத்திருக்கிறார்," என்றான் உயரமானவன். உயிரோடிருக்கும் பிள்ளை ஒருவர் தகப்பனுக்காகத் தண்ணீரில் இறங்கி, தகப்பன் பெயரில் ஞானஸ்நானம் பெறலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்த உலகத்தில் தகப்பனின் விருப்பம். செத்த பிறகும் ஒரு மனிதனிடம் சம்மதம் கேட்கிறார்கள் என்பது அருமைராசாவுக்குப் பிடித்துப்போயிற்று. வைகாசி மாதம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் கிளைச் சபையின் முதல் தமிழர் அவர்தான். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது தேத்தண்ணியை விட்டதுதான் என்று பிற்காலத்தில் சொல்வார்.

அப்போது சபை, ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே வாடகை மண்டபத்தில் கூடியது. கிழமை நாளில் அருமைராசா சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டினார். ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நாற்பது மடிப்புக் கதிரைகளை விரித்து வைத்தார். வந்தவர்கள் பதினொரு பேர். பிறகு நாற்பதையும் மடித்து வைத்தார். பதினொன்றை மட்டும் விரித்தால் என்ன என்று ஒருவர் கேட்டபோது, வாறவைக்கு இடமிருக்க வேணும் என்றார். துண்டுப் பிரசுரங்களைக் கையாலே தமிழில் எழுதிப் பிரதி எடுத்தார். சனிக்கிழமைகளில் தமிழருக்கு இலவசப் பிரெஞ்சு வகுப்பு ஒழுங்குசெய்தார். நிறையப் பேர் வந்தார்கள். தொழிற்சாலையில் கூட வேலைசெய்த எமிலியானுஸ், குருநகர்க் கத்தோலிக்கர், மூன்று மாதம் தவறாமல் வந்து பிரெஞ்சு பிடிபட்டதும் நாலாம் மாதம் நின்றுவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான். 'மோர்மன் ராசா' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் அதற்குக் கோபித்ததில்லை.

மனைவி இராசமலர் 1989இல் வந்து சேர்ந்தபோது, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே விஷயத்தைச் சொன்னார். அவள் சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அவை நாலைஞ்சு பேரைக் கட்டுறவையெல்லோ? நீங்களும் கட்டுவியளோ?"

"அதை விட்டு நூறு வருசமாகுது."

"அப்ப சரி," என்றாள்.

அவள் கடைசிவரை சபையில் சேரவில்லை. சுவரில் முருகன் படம் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருடம் ஊழியக்காரருக்குச் சமைத்துப் போட்டாள். அவர்களுக்குப் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் பிடிக்கும் என்று அறிந்து, காரத்தைக் குறைத்து வைப்பாள். பிள்ளைகள் இல்லை. 2016இல் நோய் முற்றியபோது அவள் பெயரிலும் அந்தச் சடங்கைச் செய்விக்கலாமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் போனபிறகு நீங்கள் என்ன செய்தாலும் எனக்குத் தெரியவே போகுது? உங்கடை விருப்பம்," என்றாள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஆற்றுக்கு அப்பால் லோங்கேயில் சபையின் ஆலயம் எழும்பிய நாளிலிருந்து அவர் தன் வம்சத்தை ஒவ்வொருவராகத் தேடி எடுத்து அந்தச் சடங்கைச் செய்துவந்தார். தகப்பன், பாட்டன், பூட்டன், தாய்வழி மாமன்மார். காணி உறுதிகளிலும் பழைய சாதகக் குறிப்புகளிலும் கிடைத்த பெயர்கள். இராசமலரின் சடங்கும் முடிந்த பிறகு ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியிருந்தது. தம்பி குணரத்தினம்.

குணரத்தினம் காணாமற்போனது 1990ஆம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்புகையில், வவுனியாவுக்கு அந்தப் பக்கத்தில் சீருடைக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன். அதே பஸ்ஸில் வந்த ஒரு பெண், கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டியபடி அவன் வீதியோரம் குந்தியிருந்ததைக் கண்டாள். பஸ் புறப்பட்டுவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவனுக்கு அப்போது முப்பது வயது. மனைவி புஷ்பவதிக்கு இருபத்தைந்து. மகள் வினோஜா தவழ்ந்துகொண்டிருந்தாள்.

ஏழு வருடம் கழித்து புஷ்பவதி மகளோடு மொன்றியலுக்கு வந்தாள். மூன்று வருடம் அருமைராசா வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு நோத்ர-டாம்-த-கிரேஸில் கார்டெரி எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை கிடைத்து அங்கேயே வீடு எடுத்துக்கொண்டாள். வினோஜா படித்து மருந்தாளராகி, தாயோடுதான் இருக்கிறாள். புஷ்பவதி பொட்டையும் தாலியையும் கழற்றியதில்லை. இலங்கையிலிருந்து மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சொந்தக்காரர் எழுதியபோது பதில் போடவில்லை. அதைப் பற்றி அவளிடம் கதைக்க ஒருவரும் துணியவில்லை. அருமைராசாவும்தான்.

2024ஆம் ஆண்டு மாசி மாதம், இதய வால்வு ஒன்று இறுகிவிட்டது என்றும் ஐப்பசியில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். அருமைராசாவுக்கு எழுபத்திரண்டு வயது. பயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவிலிருந்து தம்பியின் பெயர் அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிஷப் செலெஸ்தனிடம் போய் விசாரித்தார். அந்தச் சபையில் பிஷப் என்பது சம்பளமில்லாத பொறுப்பு. செலெஸ்தன் ஹெயிட்டியில் பிறந்தவர், கிழமை நாளில் பேருந்து ஓட்டுபவர். அவர் விதிகளை வாசித்துப் பார்த்துச் சொன்னார். காணாமற்போனவர் இறந்திருப்பார் என்பதற்குச் சூழ்நிலையே சாட்சியாக இருந்தால், வருடங்களும் கடந்திருந்தால் செய்யலாம். ஆனால் பிறந்து நூற்றுப்பத்து வருடம் ஆகாத எவருக்கும் மிக நெருங்கிய உறவின் அனுமதி வேண்டும். மனைவி இருந்தால் மனைவி.

"தமையன் போதாதா?"

"மனைவி இருந்தால் போதாது, சகோதரரே."

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், சபை முடிந்து ரை கட்டியபடியே புஷ்பவதி வீட்டுக்குப் போனார். அவள் மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். எழுந்து அவருக்கு ஹோர்லிக்ஸ் கலக்கி வந்தாள். அவர் ஆறவிட்டு முழுதாகக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். ஆலயம், தண்ணீர், பெயர் எல்லாவற்றையும் சொல்லி, "நீர் ஓம் எண்டு சொன்னால் போதும், புஷ்பம்," என்றார்.

அவள் முறித்த காயைச் சட்டிக்குள் போட்டாள்.

"அது செத்த ஆக்களுக்குச் செய்யிறதெல்லோ, அத்தான்?"

"ஓம்."

"நான் டொலார்ட் முருகன் கோயிலிலை மாசாமாசம் அவரின்ரை பெயருக்கு அர்ச்சனை செய்விக்கிறன். அவரின்ரை நட்சத்திரம் சொல்லி. செத்த ஆளுக்கு ஆரும் அர்ச்சனை செய்வினமே?"

"முப்பத்திநாலு வருசம், புஷ்பம்."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகமுதல்..."

"உங்கடை சுகத்துக்கு நான் நேந்திருக்கிறன். அது வேறை. இதுக்கு நான் மாட்டன். என்ரை வாயாலை ஓம் எண்டு சொல்ல மாட்டன்." குரல் உயரவில்லை. "இன்னும் கொஞ்சம் ஹோர்லிக்ஸ் தரட்டோ?"

அவர் வேண்டாம் என்று எழுந்தார். வாசலில் சப்பாத்து மாட்டும்போது, காய் முறியும் சத்தம் மறுபடி கேட்டது.

அருமைராசா பொய் சொல்லும் ஆளல்ல. தொழிற்சாலையில் முதலாளியே துணிக் கையிருப்பை எண்ண அவரைத்தான் கூப்பிடுவார். முப்பத்தேழு வருடத்தில் சபையில் அவர் மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. ஆனால் சித்திரை மாதம் முழுவதும் அவர் மனதுக்குள் ஒரு வழக்கு நடந்தது. அவள் நம்புவது நடக்காத காரியம். அவளுடைய நம்பிக்கைக்காகத் தம்பி எத்தனை காலம் வெளியே நிற்பது? அவள் அனுமதி தராமலே கண்ணை மூடினால், பிறகு வினோஜா. அவளும் தாய் சொல்லைத் தாண்ட மாட்டாள். தான் அறுவை மேசையிலேயே போய்விட்டால் இந்த உலகத்தில் அவனுக்காகத் தண்ணீரில் இறங்க எவர் இருக்கிறார்? வழக்கில் எதிர்த்தரப்புக்குப் பேச ஆளில்லாததால் தீர்ப்பு அவர் பக்கமே விழுந்தது.

வைகாசியில் ஒரு காலை, கணினியைத் திறந்து சபையின் வம்சாவளித் தளத்தில் தம்பியின் பெயரைத் தெரிவுசெய்தார். இறந்த ஆண்டு என்ற இடத்தில் 1990 என்று அடித்தார். உரிய உறவினரின் அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். அதில் அடையாளம் இட்டார். எவரும் எதுவும் கேட்கவில்லை. சீட்டை அச்சடித்து மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை முற்பகல் மெட்ரோ ஏறி, பேருந்து மாறி ஆலயத்துக்குப் போனார். வெள்ளை உடை மாற்றிக்கொண்டு, பன்னிரண்டு எருதுகளின் சிலைகள் முதுகில் தாங்கும் அந்தத் தொட்டிக்குள் இறங்கினார். தண்ணீர் இளஞ்சூடாக, இடுப்பளவுக்கு இருந்தது. சடங்கு நடத்துபவர் ஒரு கிபெக் முதியவர், பண்ணைக்காரரைப்போன்ற தடித்த கைகள். சீட்டைப் பார்த்து, "மன்னிக்கவேணும், இந்தப் பெயரை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

"குணரத்தினம்."

"குனாரத்தினாம்."

"குண. ரத்தினம்."

மூன்றாம் தரம் சரியாக வந்தது. முதியவர் சந்தோசத்தோடு தலையசைத்துவிட்டு வலக்கையை உயர்த்தினார். அருமைராசாவின் பெயரைச் சொல்லி அழைத்து, குணரத்தினத்துக்காகவும் அவர் சார்பிலும் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றார். பெயருக்குப் பிறகு, 'கி எ மோர்' என்றார். இறந்துபோன.

அந்த வாக்கியத்தை அருமைராசா எத்தனையோ பேருக்காகக் கேட்டிருக்கிறார். அதற்குள் அந்தச் சொல் இருப்பதை அன்றுதான் கேட்டார். முப்பத்திநாலு வருடமாகக் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். அவரும் சொன்னதில்லை. இப்போது, தம்பியைக் கண்டிராத ஒரு மனிதர், அருமைராசாவே திருத்திக் கொடுத்த உச்சரிப்பில், பிழையில்லாமல் சொல்லி முடித்துவிட்டார். கை அவரைப் பின்னால் சாய்த்தது. தண்ணீர் மூடியது. எழும்பியபோது முதியவர் புன்னகைத்தார். அருமைராசா துவாயை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். மற்றப் பெயர்களுக்குப் பிறகு வழக்கமாக வரும் இலேசான உணர்வு வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை.

அந்த ஞாயிறு அவர் அப்பமும் தண்ணீரும் பரிமாறப்பட்டபோது தட்டைத் தொடாமல் அடுத்தவருக்கு அனுப்பினார். கூட்டம் முடிந்து பிஷப்பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நடந்ததைச் சொன்னார். செலெஸ்தன் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"அப்படியானால் முதலில் என்னிடம் ஏன் வந்தீர்கள்?"

ஆலயத்துக்குள் போக அனுமதிக்கும் சீட்டைச் சில மாதங்களுக்குத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார் பிஷப். அருமைராசா பணப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இருபத்துநாலு வருடத்தில் அது அவரிடம் இல்லாமல் இருப்பது அதுதான் முதல் முறை. நடந்து முடிந்த சடங்கை அழிக்க முடியுமா என்று கேட்டார். பதிவை நீக்கும்படி மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றார் பிஷப். தண்ணீரில் சொன்ன சொல்லை என்ன செய்வது என்று தனக்குத் தெரியாது என்றார்.

அன்று பின்னேரமே போனார். புஷ்பவதியும் வினோஜாவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

முதலில் பேசியது வினோஜா. கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். நாலு வசனம் பிரெஞ்சில் பொரிந்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "பெரியப்பா, அம்மா மாட்டன் எண்டு சொன்னவ. நீங்கள் ஓம் எண்டு எழுதியிருக்கிறியள். என்ரை மருந்துக் கடையிலை ஒருத்தர் இப்பிடிக் கையெழுத்து வைச்சா நான் பொலிசைக் கூப்பிடுவன்."

"கூப்பிடு பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ!"

"பகிடி இல்லை."

புஷ்பவதி மகளைக் கையமர்த்தினாள். "அந்த மனுசன் என்ன சொன்னவர்? தண்ணிக்குள்ளை. அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் தமிழில் சொன்னார். அந்தச் சொல்லுக்கு வந்ததும் நின்றார்.

"சொல்லுங்கோ."

சொன்னார்.

அவள் எழுந்து அவருடைய மேல்சட்டையைக் கொழுவியிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். "போட்டு வாங்கோ," என்றாள். வழக்கமாக விடைகொடுக்கும் அதே வார்த்தைதான். மூன்று கிழமை அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இராசமலர் செத்த பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் வினோஜாவிடம் கொடுத்தனுப்பும் சாப்பாடும் வரவில்லை. அருமைராசா பாணும் முட்டையும் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரை விரித்தார். யாராவது சுகம் கேட்டால் இருக்கிறன் என்றார்.

நாலாம் கிழமை அவளே போன் எடுத்தாள். "வாங்கோ. பேனை கொண்டு வாங்கோ."

போனார். மேசையில் கோடு போட்ட தாள் ஒன்று தயாராக இருந்தது. வினோஜா சுவரோரம் சாய்ந்து நின்றாள். புஷ்பவதி எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் அங்கை வேண்டாம் எண்டு சொல்லலாம் எண்டு முந்தி ஒருக்கால் இராசமலர் அக்காவுக்குச் சொன்னனீங்கள். எனக்கு ஞாபகம் இருக்கு. உண்மையோ?"

"உண்மை. ஏற்கிறதும் விடுறதும் அவன்ரை விருப்பம்."

"அவர் அங்கை இல்லை. இஞ்சை எங்கையோ இருக்கிறார் எண்டா?"

"அப்ப அது செல்லாது. உயிரோடை இருக்கிற ஆளுக்கு அப்பிடிச் செய்யேலாது. வெறும் தண்ணியிலை நான் முழுகினதுதான் மிச்சம்."

"அதை எழுதித் தாங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துண்டுப் பிரசுரங்கள் எழுதிய அதே குண்டுக் கையெழுத்தில் எழுதினார். தம்பியின் மனைவி புஷ்பவதியின் சம்மதமில்லாமல், பொய்யான அடையாளம் இட்டு, இன்ன திகதியில் இந்தச் சடங்கைத் தான் செய்வித்ததாக எழுதினார். 'என் தம்பி குணரத்தினம் உயிருடன் இருந்தால், அது செல்லாது' என்று முடித்தார்.

அவள் வாங்கி வாசித்தாள். வாசிப்பதற்கு நேரம் எடுத்தாள்.

"'இருந்தால்' எண்டு எழுதியிருக்கிறியள். 'இருப்பதால்' எண்டு மாத்துங்கோ."

அருமைராசா பேனையை மேசையில் வைத்தார். "புஷ்பம், ஒரு பொய்யை எழுதிப்போட்டுத்தான் நான் இண்டைக்கு இதிலை இருக்கிறன். இன்னொண்டை எழுதேலாது."

"அப்ப அவர் இல்லை எண்டு நினைக்கிறியள்."

"ஓம். நினைக்கிறன். 90இலேயே நினைச்சனான். உமக்குச் சொல்லப் பயமாயிருந்தது."

வினோஜா சுவரைவிட்டு நகர்ந்து வந்து தாயின் பின்னால் நின்றாள். புஷ்பவதி தாளின் கடைசி வரியை விரலால் தடவினாள்.

"நீங்கள் நினையுங்கோ. எனக்கு அதிலை ஒண்டுமில்லை," என்றாள். "எத்தினையோ பேர் அப்பிடித்தான் நினைக்கினம், முகத்திலை தெரியும். நீங்கள் ஒராள்தான் சொல்லியிருக்கிறியள். சரி. 'இருந்தால்' எண்டே கிடக்கட்டும். ஆனா 'இல்லாவிட்டால்' எண்டு ஒரு இடத்திலையும் வரப்படாது."

"வராது."

அவர் கையெழுத்தும் திகதியும் போட்டார். சாட்சிக்கு வினோஜா போட்டாள். புஷ்பவதி தாளை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இட்டு, பாஸ்போர்ட்டுகளும் குடியுரிமைப் பத்திரங்களும் கிடக்கும் லாச்சியில் வைத்தாள். அன்று அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை சாப்பாட்டுப் பெட்டி வந்தது.

ஐப்பசியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து மணித்தியாலம் எடுத்தது. நாலாம் நாள் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மத்தியானம் புஷ்பவதியும் வினோஜாவும் வந்திருந்தபோது, பேருந்துச் சாரதிச் சீருடையோடு பிஷப் செலெஸ்தனும் வேலை மாறும் இடைவெளியில் எட்டிப் பார்க்க வந்தார். அருமைராசா படுத்தபடி இரு பக்கத்தையும் அறிமுகம் செய்துவைத்தார். பிஷப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, புஷ்பவதியிடம் சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். வினோஜா மொழிபெயர்த்தாள்.

புஷ்பவதி கைப்பையைத் திறந்து அந்தப் பிளாஸ்ரிக் உறையை வெளியே எடுத்தாள். அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறாள் என்பது மகளுக்கே அப்போதுதான் தெரியும்.

"இதிலை அத்தான் எழுதியிருக்கிறது சரியோ எண்டு இவரைக் கேள்."

"அம்மா, இப்ப வேண்டாம். பெரியப்பா படுத்திருக்கிறார்."

"கேள்."

வினோஜா வசனம் வசனமாகப் பிரெஞ்சில் சொன்னாள். பிஷப் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு புஷ்பவதியின் கண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சரிதான், அம்மா. அவர் உயிரோடு இருந்தால் அது வெறும் தண்ணீர்."

வினோஜா அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய கண் கலங்கியது. புஷ்பவதிக்குக் கலங்கவில்லை.

"அப்ப இவரையும் இதிலை ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லு. அத்தானிலும் பெரிய ஆளெல்லோ."

பிஷப்புக்கு அது மொழிபெயர்க்கப்பட்டபோது கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அருமைராசா சிரித்திருக்கிறார், நெஞ்சுத் தையல் இழுத்ததில் அது முனகலாகிவிட்டது. செலெஸ்தன் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இப்படியொரு தாளில் ஒரு பிஷப் கையெழுத்திடலாமா கூடாதா என்று எந்த விதியும் அவருக்கு நினைவில் இல்லை போலிருக்கிறது. கட்டிலின் தட்டுப் பலகையில் தாளை வைத்து, வினோஜாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதினார்.

புஷ்பவதி மை காயும்வரை தாளைப் பிடித்துக்கொண்டு நின்று, உறைக்குள் இட்டு, கைப்பைக்குள் வைத்து மூடினாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரிச் சூப் வாய்க்குப் பிடிக்குதோ, நாளைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வரட்டோ என்று கேட்டாள்.